பிரித்தானிய மோட்டார்வே: ஸ்லிப் ரோட்டில் ஏறுவது, இறங்குவது, ஹார்டு ஷோல்டரில் நிற்பது – முழுமையான வழிகாட்டி

இந்தியாவிலோ இலங்கையிலோ பல ஆண்டுகள் வண்டி ஓட்டிய அனுபவத்துடன் பிரித்தானியாவுக்கு வந்து, இங்குள்ள உரிமத் தேர்விலும் தேறி, முதன்முறையாக மோட்டார்வேயில் ஏறப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறவினரும் நண்பருமாகப் பலருக்குத் துணையாக இடப்புற இருக்கையில் அமர்ந்து எம்4, எம்40, எம்25 சாலைகளில் போய் வந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்கள் நடுச்சாலையில் மிகக் குறைவு. ஏறும் இடத்திலும், இறங்கும் இடத்திலும், வண்டி பழுதாகி ஓரங்கட்டும் இடத்திலும்தான் தவறுகள் நடந்தன.

அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை வேகத்தை உரிய இடத்தில் மாற்றாததால் வந்தவை. வேகத்தைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் ஸ்லிப் ரோடு என்று தனியாக ஒரு சாலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை மோட்டார்வேயின் ஓடுதடத்தில் செய்யும்போதுதான் பின்னால் வருபவருக்கு ஆபத்து உண்டாகிறது.

1. புறப்படும் முன் செய்ய வேண்டியவை

உரிமத் தேர்வில் மோட்டார்வே இடம்பெறுவதில்லை என்பதால், தேறியவுடன் மோட்டார்வே ஓட்டத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. 2018 ஜூன் 4 முதல், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநருடன், இரட்டைக் கட்டுப்பாடு உள்ள காரில், தேர்வுக்கு முன்பே மோட்டார்வேயில் பழக அனுமதி உண்டு. ஒரு பாடத்தையாவது இதற்கென்று கேட்டு வாங்குங்கள். ஒரே சந்திப்பில் நான்கைந்து முறை ஏறி இறங்கிப் பழகினால் போதும். நூறு மைல் நேராக ஓட்டுவதைவிட அது பயனுள்ளது.

டயர்களில் காற்றையும் தொட்டியில் எரிபொருளையும் பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் வரிப்பள்ளம் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிரேக்டவுன் சேவைக்கு எந்த நிறுவனத்தில் பதிந்திருக்கிறீர்கள், அது காப்பீட்டோடு சேர்ந்ததா, தனியா என்பதை வீட்டிலேயே பார்த்து, எண்ணைக் கைப்பேசியில் சேமியுங்கள். இங்கிலாந்தின் மோட்டார்வேக்களை நிர்வகிக்கும் நேஷனல் ஹைவேஸின் 0300 123 5000 என்ற எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிரும் மஞ்சள் மேலங்கி ஆளுக்கு ஒன்றாக வாங்கி, இருக்கைக்கு அடியிலோ கதவுப் பையிலோ வையுங்கள். பலரும் அதை டிக்கியில் வைக்கிறார்கள். டிக்கியைத் திறக்க வேண்டுமென்றால் மேலங்கி இல்லாமலே ஓடும் வண்டிகளுக்கு அருகில் போய் நிற்க வேண்டியிருக்கும். கோடையாக இருந்தாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் மணிக்கணக்கில் புல்மேட்டில், காற்றில், காத்திருக்க நேரலாம்.

2. சாலையின் நிறங்களைப் படித்தல்

சாலையில் பதித்திருக்கும், இரவில் விளக்கொளி பட்டு மின்னும் குமிழ்களை வெறும் அலங்காரமாக நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஓடுதடங்களுக்கு இடையே வெள்ளை, ஹார்டு ஷோல்டரை (பழுதான வண்டி நிற்பதற்காக விடப்பட்ட இடதோரத் தடம்) ஒட்டிய இடது விளிம்பில் சிவப்பு, நடுத்தடுப்பை ஒட்டிய வலது விளிம்பில் மஞ்சள், ஸ்லிப் ரோடு பிரியும் அல்லது சேரும் வாயில் பச்சை. மழையிரவில் கோடுகள் மறைந்துபோகும்போது, பச்சைக் குமிழ் வரிசையைக் கண்டால் அங்கே ஒரு ஸ்லிப் ரோடு இருக்கிறது, அதிலிருந்து வண்டி வரலாம் என்று தெரிந்துகொள்ளலாம். சிவப்புக் குமிழ் உங்கள் வலப்பக்கம் தெரிந்தால் நீங்கள் ஹார்டு ஷோல்டருக்குள் வந்துவிட்டீர்கள்.

3. ஸ்லிப் ரோட்டில் ஏறி, ஓட்டத்தில் இணைதல்

முதல் வேலை, சந்திப்பின் வட்டச்சுற்றிலேயே சரியான திசையைத் தேர்வது. ஒரே மோட்டார்வேக்கு இரு திசைகளிலும் தனித்தனி ஸ்லிப் ரோடு இருக்கும். பலகை ஊர்ப்பெயரோடு மேற்கு, வடக்கு என்று திசையையும் சொல்லும். தவறான திசையில் ஏறிவிட்டால் அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்லிப் ரோட்டின் தொடக்கத்தில் மோட்டார்வே குறியுள்ள நீலப் பலகை இருக்கும். அதைக் கடந்ததும் மோட்டார்வே விதிகள் தொடங்கிவிடுகின்றன. வேறு பலகை இல்லையென்றால் கார்களுக்கு மணிக்கு 70 மைல் வரை அனுமதி. புதியவர்கள் பலர் வட்டச்சுற்றில் ஓட்டிய 25 மைல் வேகத்திலேயே பாதி ஸ்லிப் ரோட்டைக் கழித்துவிடுகிறார்கள். இது பார்ப்பதற்கு நிதானம்போல் இருந்தாலும், மீதமுள்ள பாதியில் இரட்டை வேலையை வாங்கிவிடும்.

பலகையைக் கடந்ததும் வலப்பக்கம் பாருங்கள். பல ஸ்லிப் ரோடுகள் மேம்பாலத்திலிருந்து கீழிறங்குவதால், தொடக்கத்திலேயே மோட்டார்வேயின் ஓட்டம் முழுவதும் கண்ணில் படும். இடதுதடத்தில் லாரிகள் வரிசையாக வருகின்றனவா, அவற்றின் இடையே எங்கே இடைவெளி இருக்கிறது என்பதை அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். கியர் மாற்றும் காரில் மூன்றாம் கியரிலேயே சற்று நீண்ட நேரம் இருந்து இழுங்கள். எஞ்சின் சத்தம் கூடுவதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கனரக லாரிகள் மணிக்கு 56 மைலுக்கு மேல் போகாதபடி அவற்றில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருப்பதால், இடதுதடத்தின் வேகம் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். எனவே ஸ்லிப் ரோடு முடிவதற்குள் 55 மைலைத் தொட்டுவிட்டால், ஓடும் வரிசையில் இன்னொரு வண்டியாகச் சேர்ந்துகொள்வது எளிது. அதே இடத்தில் 35 மைலில் நுழைந்தால், பின்னால் வரும் லாரி பிரேக் போட்டே ஆக வேண்டும்.

வலது இண்டிகேட்டரைப் போடுங்கள். உட்கண்ணாடி, வலக்கண்ணாடி, பிறகு கண்ணாடியில் படாத மறைவிடத்துக்காக வலத்தோளின் மேல் ஒரு நொடிப் பார்வை. தலையைத் திருப்பி வெகுநேரம் பார்க்காதீர்கள். உங்களுக்கு முன்னால் அதே ஸ்லிப் ரோட்டில் போகிறவர் பயந்து பிரேக் போட்டிருக்கலாம். ஸ்லிப் ரோட்டையும் மோட்டார்வேயையும் பிரிக்கும் முழுக்கோடும் குறுக்குப் பட்டைகளும் முடிந்து, விட்டுவிட்டு வரும் கோடு தொடங்கிய பிறகே சாய்வாக, மெதுவாக உள்ளே நகருங்கள்.

முன்னுரிமை மோட்டார்வேயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு உரியது. அவர்கள் நடுத்தடத்துக்கு நகர்ந்து இடம் கொடுத்தால் அது மரியாதை. அதை எதிர்பார்த்து ஓட்டக் கூடாது. உங்களுக்கு இணையாக ஒரு லாரி வந்தால், அதற்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்பதை ஸ்லிப் ரோட்டின் நடுப்பகுதியிலேயே முடிவுசெய்யுங்கள். பின்னால் போவதென்றால், முடுக்கியிலிருந்து காலைச் சற்றே எடுத்தாலே லாரி முந்திவிடும். முடிவெடுக்காமல் அதனோடு ஒட்டியே போகிறவர்தான் கடைசியில் பிரேக்கை மிதிக்கிறார்.

ரெடிங் அருகே எம்4-இல் ஏறும்போது எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இதைத்தான் செய்தார். இண்டிகேட்டர் போட்டிருந்தார், கண்ணாடி பார்த்தார், ஆனால் வேகம் 40-ஐத் தாண்டவில்லை. ஸ்லிப் ரோடு குறுகி முடியும் முனையில் வண்டி முழுவதுமாக நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் எங்கள் கண்ணாடி நிறையத் தெரிந்தபடி வந்து நின்றது. “யாராவது வழி விடுவாங்கன்னு நெனச்சேண்ணா” என்றார். நின்ற நிலையிலிருந்து 55 மைலுக்குப் போக மிகப் பெரிய இடைவெளி வேண்டும். அது கிடைக்கும்வரை நாங்கள் அங்கேயே காத்திருந்தோம். அப்படி நேர்ந்துவிட்டால், ஹார்டு ஷோல்டரில் ஓடி வேகம் பிடித்துச் சேரலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள். அது இணைவதற்கான தடம் அல்ல. சற்றுத் தொலைவில் பழுதான வண்டி நின்றுகொண்டிருக்கலாம்.

சில இடங்களில் ஸ்லிப் ரோடு முடிவதே இல்லை; அதுவே புதிய இடதுதடமாகத் தொடரும். பலகையின் படத்திலேயே அது காட்டப்பட்டிருக்கும். அங்கே அவசரமாக வலப்பக்கம் தாவத் தேவையில்லை. ஸ்லிப் ரோட்டில் இரண்டு தடங்கள் இருந்து, நடுவே குறுக்குப் பட்டைகள் வரையப்பட்டிருந்தால், உங்கள் தடத்திலேயே இருந்து அது சேரும் இடத்தில் சேருங்கள். பட்டைகளின் மேல் ஏறித் தடம் மாறாதீர்கள். நெரிசல் நேரத்தில் சில ஸ்லிப் ரோடுகளில் சிக்னல் விளக்கு இயங்கும். ஒரே மூச்சில் பெரிய கூட்டம் இறங்கிவிடாதபடி சில வண்டிகளாகப் பிரித்து அனுப்புவதற்காக அதை வைத்திருக்கிறார்கள்.

4. இணைந்த பிறகு

இண்டிகேட்டரை அணையுங்கள்; இடதுதடத்திலேயே சிறிது நேரம் இருங்கள். நகர்ச்சாலையிலிருந்து வந்த கண்ணுக்கு அந்த வேகம் பழக வேண்டும். 70 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 31 மீட்டர் ஓடுகிறோம். ஹைவே கோடு என்ற பிரித்தானியச் சாலை விதிநூல் தரும் கணக்கின்படி அந்த வேகத்தில் வண்டி நிற்க 96 மீட்டர் தேவை. முன்வண்டியிலிருந்து இரண்டு விநாடி இடைவெளி, மழையில் நான்கு விநாடி. அடுத்த சந்திப்பில் இன்னொருவர் உங்களைப்போலவே ஏறுவார் என்பதால், அந்த இடைவெளி அவருக்கும் பயன்படும்.

5. வெளியேறுதல்

வெளியேறும் சந்திப்புக்கு ஒரு மைல் முன்பாகவும் அரை மைல் முன்பாகவும் பொதுவாகப் பலகைகள் இருக்கும். 70 மைல் வேகத்தில் ஒரு மைல் என்பது ஐம்பது விநாடிதான். அரை மைல் 26 விநாடி. ஒரு மைல் பலகையைக் கண்டதும் இடதுதடத்துக்கு வந்துவிடுவது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். லாரிகளின் வரிசை நீளமாக இருந்தால் அதற்கும் முன்பே வர வேண்டும்.

பிறகு மூன்று கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு போட்ட நீலப் பலகைகள் வரும். அவை ஸ்லிப் ரோட்டின் தொடக்கத்துக்கு 300, 200, 100 யார்டு இருப்பதைக் காட்டுகின்றன. மூன்று கோட்டுப் பலகையிலிருந்து சுமார் ஒன்பது விநாடி. அங்கேயே இடது இண்டிகேட்டரைப் போடுங்கள், ஆனால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்லிப் ரோட்டுக்குள் முழுவதுமாக நுழைந்த பிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓடுதடத்திலேயே 45 மைலுக்கு இறங்குகிறவரின் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு, அவர் ஏன் குறைக்கிறார் என்பது தெரியாது.

நுழைந்ததும் வேகமானியைப் பாருங்கள். ஒரு மணி நேரம் மோட்டார்வேயில் ஓட்டியவருக்கு 50 மைல் வேகம் 30 மைல்போலத் தோன்றும் என்று ஹைவே கோடே எச்சரிக்கிறது. ஸ்லிப் ரோட்டின் இறுதியில் வளைவோ வட்டச்சுற்றோ இருக்கும்போது, உணர்வை நம்பிப் பிரேக் போட்டவர்கள் கோட்டைத் தாண்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியேறும் வரிசை நீண்டு மோட்டார்வே வரை வந்திருந்தால், பின்னால் வருகிறவர் உணரும்வரை ஹசார்டு விளக்கைப் போடலாம். பலகை அனுமதிக்காதவரை, ஹார்டு ஷோல்டரில் புகுந்து வரிசையின் முன்னால் போகக் கூடாது.

சந்திப்பைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். கடைசி நொடியில் குறுக்குப் பட்டைகளின் மேல் ஏறித் திரும்புவதும், ஓரத்தில் நிறுத்திப் பின்னால் வருவதும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. லண்டனிலிருந்து டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போகும்போது எம்40, எம்42, எம்5 என்று மாறிப் போக வேண்டும். வழிகாட்டிச் செயலியைப் பார்ப்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, “அடுத்த பிரிவில் இடது” என்று ஒரு மைல் முன்பே சொல்ல ஏற்பாடு செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

6. எது அவசரம், எது அவசரமில்லை

நம் ஊர் நெடுஞ்சாலையில் இளநீருக்கும் தேநீருக்கும் ஓரங்கட்டிப் பழகிய கைக்கு, அகலமான வெற்றுத் தடத்தைப் பார்த்ததும் இண்டிகேட்டர் தானாகப் போகும். இங்கே ஹார்டு ஷோல்டரிலும் ஸ்லிப் ரோட்டிலும் அவசரநிலை தவிர வேறெதற்கும் நிற்கக் கூடாது. கைப்பேசி அழைப்பு, வழி பார்த்தல், சிறுநீர் கழித்தல், ஓட்டுநர் மாறுதல், குழந்தையின் அழுகை, தூக்கம் இவை எதுவும் அவசரநிலையில் சேராது. தூக்கம் வந்தால் அடுத்த சந்திப்பில் இறங்குங்கள், அல்லது சர்வீசஸ் எனப்படும் மோட்டார்வே ஓய்விடத்துக்குள் போங்கள். அங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் கட்டணமின்றி நிறுத்தலாம்.

வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பொதுவாக வேகத்தைக் குறைத்து இடதுதடத்தில் அடுத்த சந்திப்பு வரை போய்விடலாம். எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு போன்ற சிவப்பு விளக்கு, புகை, டயர் வெடிப்பு ஆகியவற்றுக்கு உடனே நிற்க வேண்டும். அப்போதும் சந்திப்போ சர்வீசஸோ எட்டும் தொலைவில் இருந்தால் அதையே முதலில் முயலுங்கள்.

7. ஹார்டு ஷோல்டரில் நின்று, வண்டியைவிட்டு இறங்குதல்

இந்த வரிசை மாறக் கூடாது.

இடது இண்டிகேட்டருடன் இடதுதடத்துக்கு வந்து ஹார்டு ஷோல்டரில் ஏறுங்கள். அவசரத் தொலைபேசிப் பெட்டி கண்ணில் பட்டால், அதை அடுத்து நிறுத்துவது நல்லது. முடிந்தவரை இடப்பக்கம் ஒட்டி நிறுத்தி, முன்சக்கரங்களை இடப்பக்கம் திருப்பி வையுங்கள். பின்னாலிருந்து எதுவும் மோதினால் வண்டி ஓடுதடத்துக்குள் தள்ளப்படாமல் ஓரத்துக்குப் போவதற்காக இது. ஹசார்டு விளக்கைப் போடுங்கள். இருட்டென்றால் சிறு விளக்குகளும் எரியட்டும்.

இறங்கும் முன் மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் இடப்பக்கக் கதவுகள் வழியாகவே இறங்க வேண்டும். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால், ஓட்டுபவர் நடுக் கியர்த்தண்டைத் தாண்டி நகர்ந்து இடக்கதவுக்கு வர வேண்டும். சேலையிலும் வேட்டியிலும் இருப்பவருக்கு அது சிரமம்தான்; ஆனாலும் வலக்கதவைத் திறந்தால் நீங்கள் நேராக லாரித் தடத்தின் விளிம்பில்தான் காலை வைப்பீர்கள்.

பிறகு தடுப்பு வேலியின் மறுபக்கம் போங்கள். தாண்டும் முன் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாலத்தின் மேல் நின்றிருந்தால் வேலிக்கு அப்பால் வெற்றிடமாக இருக்கலாம். வேலி இல்லையென்றால் மேட்டின் மேல் ஏறி விளிம்பைவிட்டு விலகுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காமல், போக்குவரத்து வரும் திசையில் சில மீட்டர் பின்தள்ளி நில்லுங்கள். மோதப்படும் வண்டி முன்னோக்கித்தான் பாயும். ஒரு முறை அப்படி நின்றுகொண்டிருந்தபோது, லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் எங்கள் கார் கப்பல்போல் ஆடியதைப் பார்த்த பிறகுதான், உள்ளேயே அமர்ந்திருப்பேன் என்று அடம்பிடித்த பெரியம்மா வாயை மூடிக்கொண்டார்.

முக்கோண எச்சரிக்கைப் பலகையை மோட்டார்வேயில் வைக்கவே கூடாது. அதை வைக்க நடப்பதே ஆபத்து. டயர் மாற்றுவதும் அப்படியே. நாம் ஸ்டெப்னி என்று சொல்வது வேல்ஸின் லனெல்லி நகரத் தெரு ஒன்றின் பெயரிலிருந்து வந்த சொல்தான் என்றாலும், இங்கே தொலைபேசியில் சொன்னால் புரியாது. ‘ஸ்பேர் வீல்’ இருக்கிறது என்று சொல்லி, மாற்றும் வேலையை வருபவரிடம் விட்டுவிடுங்கள்.

8. உதவிக்கு அழைத்தல்

அவசரத் தொலைபேசியில் பேசினால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தானாகத் தெரியும்; கட்டணமும் இல்லை. நூறு மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் சிறு கம்பங்களில் உள்ள அம்புக்குறி, அருகிலுள்ள பெட்டி எந்தப் பக்கம் என்று காட்டும். வேலிக்கு அப்பாலேயே நடங்கள், வரும் வண்டிகளைப் பார்த்தபடி நின்று பேசுங்கள். எதிர்ப்பக்கப் பெட்டி அருகில் தெரிந்தாலும் சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள்.

கைப்பேசியில் அழைத்தால், 500 மீட்டருக்கு ஒன்றாக வரும் சிறு நீலப் பலகையில் உள்ளதை அப்படியே படியுங்கள்: சாலையின் பெயர், ஓர் எழுத்து, ஓர் எண். எம்25-இல் ‘ஏ’ என்பது கடிகாரச் சுற்று, ‘பி’ என்பது எதிர்ச்சுற்று. “ஹீத்ரோ தாண்டி கொஞ்ச தூரம்” என்று சொல்பவரைத் தேடி எதிர்த்திசையிலும் போக வேண்டியிருக்கும்.

9. ஹார்டு ஷோல்டரே இல்லாத இடங்களில்

எம்4-இல் சந்திப்பு 3 முதல் 12 வரை ஹார்டு ஷோல்டர் முழுவதும் ஓடுதடமாக மாற்றப்பட்டுவிட்டது. ஸ்லவ், ரெடிங் பகுதிகளில் வாழும் தமிழர்கள் தினமும் ஓட்டும் சாலை இதுதான். அங்கே பழுதானால் ஆரஞ்சு வண்ணம் பூசிய அவசர நிறுத்தங்களுக்குத்தான் போக வேண்டும். அடுத்தது எவ்வளவு தொலைவில் என்பதைத் தொலைபேசிப் படமுள்ள நீலப் பலகைகள் சொல்லும். வழக்கமான பயணத்திலேயே அவற்றைக் கவனித்து வைத்தால், பதற்றத்தில் தேட வேண்டியிராது.

அவசர நிறுத்தத்தை எட்ட முடியாமல் ஓடுதடத்திலேயே நின்றுவிட்டால் ஹசார்டு விளக்கைப் போடுங்கள். இடதுதடத்தில் நின்று, இடக்கதவு வழியாகப் பத்திரமாக இறங்கி வேலிக்கு அப்பால் போக முடிந்தால் போங்கள். முடியாதென்றால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து உடனே 999-ஐ அழையுங்கள்.

தடத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால், அந்தத் தடம் மூடப்பட்டிருக்கிறது என்று பொருள்; முன்னால் எங்கேயோ இப்படி ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம். உடனே விலகுங்கள். மீறினால் 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் வரலாம். 2019 ஜூன் முதல் கேமராக்களே இதைப் பிடிக்கின்றன. ஹார்டு ஷோல்டரைச் சில நேரம் மட்டும் ஓடுதடமாகத் திறக்கும் சாலைகளில், அதன் மேல் வேக எண் எரிந்தால் மட்டுமே அதில் ஓட்டலாம்.

10. மீண்டும் ஓட்டத்தில் சேருதல்

இடக்கதவு வழியாகவே ஏறி அமருங்கள். ஹசார்டை அணைத்து, வலது இண்டிகேட்டரைப் போட்டு, ஹார்டு ஷோல்டரிலேயே வேகம் பிடித்த பிறகுதான் இடைவெளி பார்த்து இடதுதடத்தில் சேர வேண்டும். ஸ்லிப் ரோட்டைப்போல அதைப் பயன்படுத்த அனுமதியுள்ள ஒரே தருணம் இது. கிளம்பும் முன் முன்னால் வேறு வண்டி நிற்கிறதா, கிழிந்த டயர்த்துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஹார்டு ஷோல்டர் இல்லாத மோட்டார்வேயின் அவசர நிறுத்தத்திலிருந்து உங்கள் விருப்பப்படி கிளம்பாதீர்கள். வேகம் பிடிக்க அங்கே நீளம் போதாது. நேஷனல் ஹைவேஸை அழைத்துச் சொன்னால், தேவைப்பட்டால் இடதுதடத்தைப் பெருக்கல் குறியால் மூடி அல்லது வேக வரம்பைக் குறைத்து வழி செய்து தருவார்கள்.

மாற்றிய டயர் ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதன் மேல் 50 மைல் என்று எழுதியிருக்கும். பின்னால் 56 மைலில் லாரிகள் வந்துகொண்டிருக்கும் தடத்தில் அந்தச் சக்கரத்தோடு ஊர் வரை போகாமல், முதல் சந்திப்பிலேயே இறங்கி, மீதி வழியைச் சாதாரணச் சாலையில் ஓட்டிப் போங்கள்.